வான்வழி நூற்றிருபது கிலோமீட்டர்

கொச்சி விமான நிலையத்திலிருந்து கோவை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர். ஒரு விமானம் எழும்பி, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, இந்தப் பக்கம் இறங்குவதற்கு அரை மணி நேரம் போதும். சாலைவழி என்றால் அங்கமாலி, திருச்சூர், குதிரான் சுரங்கம், வாளையாறு என்று நான்கு மணி நேரம். இந்தக் கணக்கை நான் எந்தத் தேர்வுக்காகவும் படிக்கவில்லை. சென்ற வைகாசியில், அண்ணனின் திருமணத்துக்கு முந்தைய நாள் பிற்பகலில், கொச்சியில் கதவு சாத்திய ஒரு விமானத்துக்குள் உட்கார்ந்தபடி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அன்று மாலை ஆறு மணிக்குச் சரவணம்பட்டியில் ஒரு மண்டபத்தில் நான் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். என்னைவிட ஒன்பது வயது மூத்த அண்ணன், கணபதியில் அப்பா விட்டுச்சென்ற லேத் பட்டறையை நடத்திக்கொண்டே என்னைப் படிக்கவைத்தார். பட்டறையின் இரும்புத்தூள் வாசனையோடு வந்து என் விடைத்தாள்களில் கையெழுத்துப் போடுவார். மதிப்பெண்ணைப் பார்க்கமாட்டார். ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருப்பதை மட்டும் வாசித்துவிட்டு, "இந்த டீச்சர் எழுத்து நல்லாருக்குது" என்பார். அவருக்குத் திருமணம் தள்ளிக்கொண்டே போனதற்கு நானும் ஒரு காரணம். எங்கள் பக்கத்தில் பெண் அமைவது கடினம் என்பது இன்னொரு காரணம். அவர் எப்போதும் இரண்டாவதையே சொல்வார்.

முதுகலை இலக்கியம் படிக்க எனக்கு டெல்லியில் இடம் கிடைத்தபோது, அப்பாவின் அண்ணன் மனைவியான பெரியம்மாதான் எதிர்த்தார். எங்களுக்குப் பெரியவர் என்று இருப்பவர் அவர் ஒருவரே. நல்லது கெட்டது எல்லாம் அவர் முன்னின்றுதான் நடக்கும்.

"டெல்லிக்கா? ஏஞ்சாமி, இங்க காலேஜுக்கா பஞ்சம்? சரவணம்பட்டில தடுக்கி உளுந்தா ஒரு காலேஜு வாசல்லதான் உளுகோணும்" என்றார். பிறகு அண்ணனிடம் திரும்பி, "நாளைக்கு உனக்கொரு கல்யாணங்காச்சின்னா இணைச்சீருக்கு யாரு நிப்பா? இவ கூடப் படிக்கற இந்திக்காரப் புள்ளையக் கூட்டியாந்து நிறுத்துவியா?" என்று கேட்டார்.

"பிளேன்ல ரெண்டே முக்கா மணி நேரந்தானுங்க பெரியம்மா. நாம கொடுமுடி கோயலுக்குப் போய்ச் சேர்ற நேரம்" என்றார் அண்ணன்.

உண்மையில் மூன்று மணி நேரம் ஆகும். பேரம் பேசுகிறவரைப் போல அண்ணன் கால் மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டார். நானும் வரைபடத்தில் பார்த்தேன். டெல்லியும் கோவையும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. டெல்லியிலிருந்து கிழக்கிலும் மேற்கிலும் சாயாமல் தெற்கே ஒரு கோடு இழுத்தால் அது எங்கள் வீட்டுக்கு மிக அருகில் வந்து முடியும். இதைச் சொன்னபோது பெரியம்மா, "கோடு கிழிச்சா ஆச்சா? அது மேல நடந்தா வரப்போற?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்ததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இணைச்சீர் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் திருமணங்களில் மணமகனுக்கு ஒரு பெண் மனைவியாக வந்து சேர்வதற்கு முன், அவனுடன் பிறந்தவள் அவன் அருகில் நின்று செய்யும் சீர் அது. மணமகளுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணனிடம் இருக்கும், மறுமுனை தங்கையின் கையில் இருக்கும். சீர்களை நடத்திவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் சொல்லச் சொல்ல இருவரும் செய்வார்கள். வீட்டுக்கு வீடு சிறு மாற்றங்கள் உண்டு. எல்லா வீட்டிலும் மாறாதது ஒன்றுதான்: ஒரு திருமணத்தில் ஒருமுறைதான் அது நடக்கும், நின்றவள்தான் அந்த வீட்டின் இணைச்சீர்க்காரி. அண்ணன் வீட்டில் அதன்பின் எந்த நல்ல காரியம் என்றாலும் அவளைத்தான் முதலில் அழைப்பார்கள். உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ நிற்பாள். இருந்தும் அவள் வராவிட்டாலும் அப்படித்தான்.

என் கடைசித் தேர்வு திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு மாலையில் முடிந்தது. மறுநாள் பகல் விமானம் பிற்பகல் மூன்று மணிக்குள் கோவையில் இறங்கும். விமான நிலையத்திலிருந்து காளப்பட்டி வழியாக மண்டபம் அரை மணிப் பயணம். சீர் ஆறு மணிக்கு. அண்ணன் போனில் கேட்டுவிட்டு, "தாராளமா இருக்குது கண்ணு. பரிச்சைய ஒழுங்கா எழுதீட்டு வா" என்றார்.

விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைகளில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு தம்பதி. கோட்டைமேட்டில் துணிக்கடை வைத்திருப்பவர்கள், டெல்லியில் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். நான் பேச்சுக்கொடுக்காதவள். ஆனால் அந்த அம்மா கேள்விகளை அடுக்கும் விதத்தில் ஒரு கனிவு இருந்தது. நான் யார், என்ன படிக்கிறேன், எதற்காகப் போகிறேன் என்பதெல்லாம் நாக்பூரைத் தாண்டுவதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

கோவை நெருங்கியபோது மேகம் கறுத்திருந்தது. விமானம் இறங்கத் தொடங்கி, திடுமென்று உலுக்கிக்கொண்டு மீண்டும் மேலே ஏறியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டமடித்தது. ஒரு கணம் மேகம் விலகி, சாம்பல் நிறத்தில் ஒரு குளமும் தென்னந்தோப்புகளும் தெரிந்தன. மரங்கள் எல்லாம் ஒரே திசையில் வளைந்து கிடந்தன.

"ஏனுங்க, எறங்கீட்டமா?" என்று கண்ணைத் திறக்காமல் அந்த அம்மா கேட்டார்.

"எறங்கல. உக்கடத்துல பஸ்ஸ நிறுத்த எடம் பாக்கறாப்புல சுத்தீட்டு இருக்கறான்" என்றார் கணவர்.

"நம்மூட்டு மேல போனா பாருங்க, மொட்டமாடில துணி காயுதான்னு."

"நனையுதான்னு கேளு."

மூன்றாவது வட்டத்துக்குப் பிறகு விமானி அறிவித்தார். கோவையில் பலத்த காற்றும் இடிமழையும், கொச்சிக்குப் போகிறோம், வானிலை சீரானதும் திரும்புவோம். "கொச்சிக்கு நான் எதுக்குப் போறேன், மீன் வாங்கவா?" என்றார் பக்கத்திலிருந்தவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மணி பார்த்தேன்.

கொச்சியில் இறங்கியதும் எல்லோருடைய போன்களும் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின. மணி மூன்றரை. நான் அண்ணனை அழைத்தேன். எடுத்தவர் பெரியம்மா.

"பெரியம்மா, நாந்தானுங்க. பிளேன் கொச்சில எறக்கிப்போட்டாங்க."

"கொச்சியா? எந்தக் கொச்சி, மலையாளத்துக் கொச்சியா? அங்க எதுக்கு அம்மணி போன?"

"நான் போகலீங்க, பிளேன் போயிருச்சுங்க. நம்மூர்ல காத்து மழைன்னு."

"அதையேங் கேக்கற! வாசப் பந்தல் ஒரு பக்கம் சாஞ்சே போச்சு. கரண்டு இல்ல. ஜெனரேட்டர்காரன் இந்தா வாரேன் அந்தா வாரேங்கறான், ஆளக் காணோம். உங்கண்ணனுக்கு நலுங்கு வெக்கறாங்க, போனு எங்கிட்டக் கெடக்குது. நீ எப்ப வருவ?"

"பறக்கறது அரை மணி நேரந்தானுங்க. எப்பக் கெளப்புவாங்கன்னு தெரியலீங்க."

"செரி செரி, பதறாத. ஒண்ணும் அவசரமில்ல. பொறுமையா வா கண்ணு."

அந்தச் சொற்களின் இதத்தில் என் நெஞ்சு இளகிவிட்டது. பதிலுக்கு நான் சொன்னேன்: "எனக்காக அத்தன பேரையும் காக்க வெக்காதீங்க பெரியம்மா. நேரமாயிருச்சுன்னா நீங்க பாத்துப் பண்ணிக்குங்க."

"அட, அதையெல்லாம் நீ மனசுல வெக்காத. நாங்க பாத்துக்கறோம்."

அழைப்பு முடிந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இங்கே நான் நிதானமாக எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போய், அவர்கள் சாப்பிடச் சொன்னால், உடனே உட்கார்ந்துவிடமாட்டோம். "வேண்டாங்க, இப்பத்தான் ஆச்சு" என்போம். அவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள், நாம் மறுபடி மறுப்போம். மூன்றாம் முறைதான் இலை போடப்படும். மறுப்பது அங்கே ஏற்றுக்கொள்வதன் முதல் படி. இதை யாரும் யாருக்கும் கற்பிப்பதில்லை. எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நான் சொன்னதும் அந்த மாதிரி ஒரு மறுப்புதான். "நல்லாருக்குதே நீ சொல்றது! நீயில்லாம எப்படி?" என்று பெரியம்மா கடிந்துகொள்வார், நான் "செரீங்க" என்பேன் என்று என் மனம் தானாகவே எதிர்பார்த்தது. பெரியம்மாவும் அதே ஊர்க்காரர். பொறுமையாக வா என்று அவர் சொன்னதும் அதே மரியாதைதான். பதற்றத்தில் இருக்கும் பெண்ணிடம் சீக்கிரம் வந்து தொலை என்று யார் சொல்வார்கள்? ஆனால் பந்தல் சாய்ந்து, விளக்கு அணைந்து, சம்பந்தி வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருந்த அந்த வேளையில், இழுத்துப் பிடித்து உட்காரவைக்க அவருக்கு நேரமில்லை. என் முதல் மறுப்பையே முடிவாக எடுத்துக்கொண்டார். நான் அவர் முதல் உபசரிப்பை முடிவாக எடுத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு இது தெரியாது. ஆகவே, பணிப்பெண் வந்து, விருப்பமுள்ளவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்று அறிவித்தபோது, நான் அமைதியாகக் கணக்குப் போட்டேன். காரில் போனால் நான்கு மணி நேரம். மழையில் குதிரானிலோ வாளையாற்றிலோ எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பது தெரியாது. எப்படியும் ஏழரைக்கு முன்னால் மண்டபம் இல்லை. விமானம் ஒரு மணி நேரத்தில் கிளம்பினாலும் ஐந்தரைக்குள் மண்டபத்தில் இருப்பேன். எண்கள் விமானத்தின் பக்கமே இருந்தன.

பக்கத்திலிருந்தவர் எழுந்து தலைக்கு மேலிருந்த பைகளை இறக்கிக்கொண்டிருந்தார். "நாங்க டாக்சி புடிச்சுப் போயர்றோம். இவன் எப்ப எடுப்பானோ, எங்க எறக்குவானோ. அடுத்து மெட்ராசுன்னு சொன்னாலும் சொல்லுவான்" என்றார்.

அவர் மனைவி என் தோளைத் தொட்டார். "எங்க கூட வந்துருங்க கண்ணு. கல்யாண ஊடு. நேரத்துக்குப் போய்ச் சேரோணுமில்ல?"

"இல்லீங்கம்மா, பிளேன்ல சீக்கிரம் போயிரலாங்க. ஊட்லயும் பொறுமையா வரச் சொல்லீட்டாங்க."

"பொறுமையா வரச் சொன்னாங்களா?" அவர் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "செரீங்க. அல்லா காப்பாத்துவான்." அந்நியப் பெண்ணிடம் எவ்வளவு சொல்லலாம் என்ற அளவு அவருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் இறங்கினார்கள். படிக்கட்டு விலகியது. கதவு சாத்தப்பட்டது.

நான்கரை மணிக்கு, கோவையில் இன்னும் காற்று குறையவில்லை என்றார்கள். அண்ணனின் எண்ணை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பதிவுக் குரல் சொன்னது. பெரியம்மாவின் எண்ணுக்கும் அதே குரல். பெரியப்பா மகளான அக்காவின் எண்ணுக்கும் அதே குரல். மின்சாரம் போய் அந்தப் பகுதியின் செல்போன் கோபுரங்கள் செயலிழந்திருக்க வேண்டும். முன்பே எல்லாம் பேசியாகிவிட்டது, அவர்களுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டேன். அதன்பின் "நாங்க பாத்துக்கறோம்" என்ற சொல்லை எடுத்துப் பார்த்தேன்.

எதைப் பார்த்துக்கொள்வார்கள்?

ஒரு வரியை எடுத்து வைத்து அதன் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் நான் படிக்கும் படிப்பு. அந்தப் பயிற்சி அப்போது என் மீதே திரும்பியது. நான் சொன்னது, அவர் சொன்னது, மறுபடி நான் சொன்னது. அச்சில் வந்த உரையாடலைப் போல அதை மனத்தில் வைத்து வாசித்தேன். கேட்கிறவர் எந்த அன்பையும் சேர்க்காமல் கேட்டால் அது இதுதான்: தங்கை வரத் தாமதமாகும். காத்திருக்க வேண்டாம் என்கிறாள். நடத்திக்கொள்ளச் சொல்கிறாள். சரி, நடத்திக்கொள்கிறோம்.

இருக்கைப்பட்டையைக் கழற்றிவிட்டு எழுந்தேன்.

பணிப்பெண்ணிடம் போய், நான் இறங்க வேண்டும் என்றேன். இப்போது முடியாது என்றார். ஐந்து நிமிடம் படிக்கட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன். வானிலை எந்த நேரமும் சீராகலாம், தயவுசெய்து உட்காருங்கள் என்றார். எங்கள் வீட்டுக்கு இங்கிருந்து நூற்றிருபது கிலோமீட்டர்தான் என்றேன். எதற்காக அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வகுப்பில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட மெல்ல எழுகிறவள் நான். அன்று என் குரல் பின்வரிசை வரை கேட்டிருக்க வேண்டும். "என் அண்ணனுக்கு நாளைக்குக் கல்யாணம். நான் போய் நிக்கலேன்னா வேற ஒருத்தர் நின்னுருவாங்க" என்று ஆங்கிலத்தில் தொடங்கியதைத் தமிழில் முடித்தேன். அந்தப் பெண் வடக்கத்திப் பெண். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டாலும் ஒரு காகிதக் குவளையில் தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். நான் உட்கார்ந்தேன்.

ஐந்தே காலுக்குக் கோவையில் மழை விட்டது. உடனே கிளம்புவோம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு, விமானிகளின் பணிநேரம் முடிந்துவிட்டது, மாற்று விமானிகள் வர வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. என் வரிசைக்குப் பின்னால் ஒருவர், "சாவிய எங்கிட்டக் குடு, நான் ஓட்டீட்டுப் போறேன்" என்று கத்தினார். நான் சன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டேன். வெளியே கொச்சியின் வானம் பளிச்சென்று இருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு சிறிய விமானம் யாருக்காகவோ எழும்பிப் போனது.

ஆறு மணி ஆனபோதும் நான் எண்களை அழைப்பதை நிறுத்தவில்லை. அழைப்பு போகாது என்று தெரிந்தும் அழைத்தேன். "காத்திருங்க, நான் வர்ற வரைக்கும் ஆரம்பிக்காதீங்க" என்பதைத் தொண்டையில் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்ல மூன்று வினாடி போதும். பதிவுக் குரல் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டது.

ஆறே முக்காலுக்கு விமானம் கிளம்பியது. மேலே ஏறி, கொஞ்ச நேரம் நேராகப் போய், உடனே இறங்கத் தொடங்கியது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கணவாயின் இருபுறமும் மலைகள் இருட்டாக நின்றன. கீழே ஒரு நெடுஞ்சாலையில் வண்டிகளின் வெளிச்சம் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தம்பதியின் டாக்சி அதில் எங்கேயோ இருக்கும் என்று நினைத்தேன். அவர்களோடு போயிருந்தாலும் நான் தாமதமாகத்தான் வந்திருப்பேன். விமானத்திலும் தாமதம்தான். எந்த வழியும் என்னை ஆறு மணிக்குக் கொண்டுசேர்த்திருக்காது. மூன்றரை மணிக்கு நான் வேறொன்றைச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

கோவையில் சக்கரம் தரையைத் தொட்டபோது அங்கே தொடர்பு திரும்பியிருந்தது; போனில் குடும்பக் குழுவின் படங்கள் வந்து விழுந்தன. மூன்றாவது படத்தில் அண்ணன் நின்றிருந்தார். பக்கத்தில் பெரியப்பா மகள் அக்கா, சேலையின் மறுமுனையைப் பிடித்தபடி. அவசரமாக உடுத்திய சேலை, கலைந்த தலை. அவரும் அன்று இதற்கு ஆயத்தமாக வந்தவரில்லை. அண்ணன் புகைப்படக்காரரைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மண்டபத்துக்குப் போய்ச்சேர்ந்தபோது மணி எட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. சாய்ந்த பந்தலை நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். எல்லோரும் என்னை வரவேற்றார்கள். "வாங்க அம்மணி", "கொச்சிக்கே போயிட்டு வந்தீங்களாமா, மீனு வாங்கீட்டு வரலீங்களா?", "மொதல்ல கை கழுவீட்டு ஒக்காருங்க". ஒருவர் முகத்திலும் குறை இல்லை. நான் தவறவிட்டது பேருந்து போலவும், அடுத்த பேருந்தில் வந்துவிட்டது போலவும் பேசினார்கள்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் அருமைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நான் வணங்கினேன்.

"வந்துட்டீங்களா அம்மணி. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

"இப்ப மறுபடியும் பண்ண முடியாதுங்களா?" கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"சீர ரெண்டு மொறை பண்ணுவாங்களா யாராச்சும்?" அவர் விசிறியை நிறுத்தினார். "எட்டரைக்கு மேல ஒரு நல்ல நேரம் இருந்துச்சுங்க. விடியறதுக்குள்ள எப்பன்னாலும் பண்ணியிருக்கலாம். நான் கேட்டேன், வர்ற வரைக்கும் நிப்பாட்டி வெக்கட்டான்னு. நீங்கதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்கன்னாங்க."

இலையின் முன்னால் உட்கார்ந்தேன். பெரியம்மா வந்து பக்கத்தில் நின்றார். அவருடைய குரல் அடைத்திருந்தது. பகல் முழுவதும் கத்தியிருப்பார். சேலை முந்தானை நனைந்து காய்ந்து விறைத்திருந்தது. "நீயே சொன்னதுனாலதான் கண்ணு…" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. அவர் கண்கள் என்னிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. தவறு செய்துவிட்டோமோ என்ற பயம் அவருக்குள் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

அப்போது அண்ணன் வந்தார். நெற்றியிலும் கைகளிலும் நலுங்கு மஞ்சள். மாப்பிள்ளை பந்திக்கு வரலாமா என்று யாரோ சிரித்தார்கள். அவர் காதில் வாங்காமல் எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பிளேன்ல தண்ணியாச்சும் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கண்ணா."

"நான் ஒக்காரவே மாட்டேன்னுதான் நின்னேன் கண்ணு. ஆறு மணிக்குக் கூப்படறாங்க, நான் வாசல்லயே நிக்கறேன். அவ வரட்டும், இல்லாட்டி இன்னிக்கு நடக்கவே வேண்டாம்னேன். அப்பறந்தான் சொன்னாங்க." அவர் பெரியம்மாவைப் பார்க்கவில்லை, என்னை மட்டுமே பார்த்தார். "நீதான் வேண்டாம்னு சொன்னியா?"

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. வேண்டாம் என்று சொன்னேன்தான், ஆனால் அந்த அர்த்தத்தில் இல்லை. நீங்கள் காத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் காத்திருக்க வேண்டாம் என்றேன். பெரியம்மா என்னை ஒரு தடவை அதட்டியிருந்தால் போதும். இதையெல்லாம் சொன்னால் அண்ணன் அடுத்த நொடி எழுந்து பெரியம்மாவிடம் திரும்புவார். அம்மா அப்பா இல்லாத எங்களுக்கு மறுநாள் முகூர்த்தத்தில் முன்னால் நிற்க வேண்டியவர் அவர். சம்பந்தி வீட்டார் இரண்டு வரிசை தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவின் கை என் நாற்காலியின் முதுகைப் பற்றியிருந்தது.

"ஆமாங்ணா. நாந்தான் சொன்னேன். எல்லாரும் காத்துட்டு இருப்பாங்களேன்னு."

அண்ணன் தலையசைத்தார். மிகச் சிறிய அசைவு. அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு விஷயம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று இத்தனை நாள் தவறாக நினைத்திருந்ததாகவும், இப்போதுதான் சரியாகத் தெரிந்துகொண்டதாகவும் அவர் முகம் மாறியது.

"செரி. உனக்குச் செரின்னா செரிதான் கண்ணு. சாப்டு" என்றார். யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனார். பெரியம்மா என் தலையை ஒருமுறை தடவிவிட்டு அவர் பின்னால் போனார்.

மறுநாள் திருமணம் குறைவின்றி நடந்தது. நான்கு நாள் இருந்துவிட்டு டெல்லிக்குத் திரும்பினேன். இப்போது அண்ணி ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்ததும் அக்காவைத்தான் முதலில் அழைத்தார்கள், முறைப்படி அதுதான் சரி. அன்று மாலை அண்ணன் என்னை அழைத்தார். தேதியைச் சொன்னார். "உனக்குப் படிப்பு இருக்கும். முடிஞ்சா வா, இல்லாட்டிப் பரவால்ல" என்றார். எனக்கு எது வசதியோ அதைத் தரவேண்டும் என்ற அக்கறை அந்தக் குரலில் நிறைந்திருந்தது.

"வாரேனுங்ணா" என்றேன்.

"இல்ல கண்ணு, உண்மையாலுமே சொல்றேன். சிரமப்படாத."

மறுமுனையில் லேத் ஓடும் சத்தம் கேட்டது. கண்டிப்பாக வருகிறேன் என்று இன்னொரு முறை சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் மரியாதைக்குச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தார்.